கூட்டத்தில் ஒற்றை ஆள்

கோடை பிறந்துவிட்டால் நம் சங்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே வினாவைத் தாங்கி வருகின்றன. "குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்பதே அது. மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு முதலிய மலைப்பகுதிகளில் வாழும் நம்மவர், கீழே இறங்கிச் சமவெளியில் ஏதேனும் காண வேண்டும் என்கின்றனர். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தாரோ, வெயிலுக்குத் தப்பி மலைமேல் ஓடிவிட வேண்டும் என்கின்றனர். இரு சாராரும் ஒரே நாளில் புறப்பட்டால் நேரியமங்கலம் பாலத்தில் எதிரெதிரே கையசைத்துக் கடந்து செல்வர் போலும்!

மலம்புழாவைப் பற்றி இப்பகுதியில் பன்முறை எழுதியாயிற்று. பிள்ளைகளுக்கு அது அலுத்தும் போயிற்று. பெற்றோர் கடிதம் எழுதுகின்றனர். பிள்ளைகள் அதன் அடியில் பின்குறிப்பு எழுதுகின்றனர். அப்பின்குறிப்புகளில் இவ்வாண்டு மிகுதியும் காணப்பட்ட பெயர், கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் உள்ள வொண்டர்லா. ஆகவே மே மாதத்து ஞாயிறு ஒன்றில், பள்ளி விடுமுறையின் உச்சத்தில், நான் அங்குச் சென்று வந்தேன். தனியாகச் சென்றேன்.

"தனியாகவா?" என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டனர். மனைவியும் மக்களும் விடுமுறைக்குத் தென்காசி சென்றிருந்தனர் என்ற விளக்கம் அவர்களுக்குப் போதவில்லை. தனியே கோவிலுக்குச் செல்பவனை யாரும் வினவுவதில்லை. தனியே சினிமாவுக்குச் செல்பவனைக்கூட இக்காலத்தில் மன்னித்துவிடுகின்றனர். மகிழ்ந்திருப்பதற்கென்றே ஒருவன் தனியாகப் புறப்பட்டால் அவனிடம் ஏதோ கோளாறு இருப்பதாகக் கருதுகின்றனர். நம் வாசகர்களுள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஓர் அறையில் நால்வராய்த் தங்கி, மாதச் சம்பளத்தை அப்படியே ஊருக்கு அனுப்பும் அன்பர்கள் பலர் உளர். கொச்சியில் பத்தாண்டு உழைத்தும் ஒரு முறை படகேறிக் காயலைக் காணாதவர் அவர்களுள் உண்டு. "குடும்பம் வரட்டும், சேர்ந்து பார்க்கலாம்" என்பார்கள். குடும்பம் வரும்போது விடுப்பு இராது. இப்பத்தி குடும்பங்களுக்காக எழுதப்படுவதெனினும், அவ்வன்பர்களும் இதனைத் தம்முடையதாகக் கொள்ளலாம்.

பாலக்காட்டிலிருந்து காலை வண்டியில் ஒற்றப்பாலம், திருச்சூர் வழியாக ஆலுவாவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஷொறணூரைத் தாண்டிப் பாரதப்புழையைக் கடக்கையில் ஆற்றில் நீரைவிட மணலே மிகுதியாய் இருந்தது. ஆலுவாவில் இறங்கிப் பேருந்து பிடித்தால் போதும்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். பாலக்காட்டார்க்கு வெயிலைக் கண்டு அச்சமில்லை என்பது பொதுவான எண்ணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் நம் கணவாயின் வழியே தமிழ்நாட்டின் வறண்ட காற்று உள்ளே புகுந்துவிடுகின்றது. 2016 ஏப்ரலில் பாலக்காட்டு வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தாண்டியது; 2024 ஏப்ரல் இறுதியில் வெப்ப அலை எச்சரிக்கையே விடப்பட்டது. எனினும் பாலக்காட்டு வெயில் வேறு, கொச்சி வெயில் வேறு. நம் ஊர் வெயில் சுடும். அந்த ஊர் வெயில் அவிக்கும். வெப்பமானியில் நான்கைந்து டிகிரி குறைவாகக் காட்டினும் உடம்பில் வியர்வை காய்வதேயில்லை. நீரில் விளையாடும் இடம்தானே, தாகம் எடுக்காது என்று நினைத்துவிட வேண்டா. கழுத்தளவு நீரில் நின்றுகொண்டே நாவறண்டு தலைசுற்றி அமர்ந்தவர் இருவரைக் கண்டேன். அரை மணிக்கொரு முறை குழந்தைகளை அழைத்துத் தண்ணீர் குடிக்கச் செய்தல் வேண்டும்.

நிற்க. இத்தகைய பூங்காக்களின் வரலாற்றில் இருப்புப் பாதைக்கு உள்ள பங்கினைக் கூறாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மவுச் சங்க் என்னுமிடத்தில் 1827இல் நிலக்கரி இறக்குவதற்காக ஒரு பாதை போட்டனர். மேலிருந்து கரி நிறைந்த வண்டிகள் தம் பளுவினாலேயே இறங்கிவரும். கோவேறு கழுதைகள் காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லும். இறங்கும்போது அக்கழுதைகளும் வண்டியிலேயே சவாரி செய்தன! கழுதைக்குக் கிடைத்த இன்பம் மனிதனுக்கும் வேண்டுமென்று வேடிக்கை பார்க்க வந்தோர் காசு கொடுத்து ஏறத் தலைப்பட்டனர். பின்னர் 1884இல் நியூயார்க்கை அடுத்த கோனி தீவில் தாம்ஸன் என்பவர், ஏறி இறங்கும் பாதை ஒன்றைக் கேளிக்கைக்கென்றே அமைத்து ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்கினார். இன்று நம் பிள்ளைகள் தலைகீழாய்த் தொங்கி அலறும் ரோலர் கோஸ்டருக்கு மூதாதை ஒரு சரக்கு வண்டி. ரயில்வே ஊழியன் ஒருவன் அங்கே சென்று நிற்பது முறையற்றதன்று என்பதற்கு இதுவே சான்று.

டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது 1955 ஜூலை 17ஆம் நாள். அதே ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் முதலமைச்சர் காமராஜர் மலம்புழா அணையைத் திறந்து வைத்தார். அந்நாளில் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தது. நம்முடையது வயலுக்கு நீர் தரும் பொருட்டுக் கட்டப்பட்டது. பூந்தோட்டம் அதன் துணைப் பயன். அங்கே வேடிக்கையே பயன். ஆயினும் அத்திறப்பு விழா வேடிக்கையாய் முடியவில்லை. அழைக்கப்பட்டோர் சுமார் 15,000 பேர். கள்ளச் சீட்டுக்களுடன் வந்தோரையும் சேர்த்து உள்ளே புகுந்தோர் 28,000 பேர் என்பர். வெப்பம் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிற்று. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தினால் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன. புதிதாய்ப் போட்ட தார் இளகி, பெண்டிரின் குதியுயர்ந்த காலணிகள் அதில் புதைந்தன. கோடையும் கூட்டமும் கேளிக்கைப் பூங்காவும் தொடக்க நாளிலிருந்தே உடன்பிறந்தவை.

வொண்டர்லா 2000ஆம் ஆண்டில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. நிறுவியவர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி. 1977இல் மின்னழுத்தத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசர் கருவிகளை உற்பத்தி செய்யத் தொடங்கித் தொழிலதிபரானவர். வீட்டு மின்சாரம் ஏறி இறங்காமல் காத்தவரே மனிதரை ஏற்றி இறக்கவும் புகுந்தது வேடிக்கைதான். 2011இல் முன்பின் உறவில்லாத ஒரு லாரி ஓட்டுநருக்குத் தம் சிறுநீரகம் ஒன்றை அளித்தவரும் இவரே என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் பெங்களூரில் இரண்டாவது பூங்கா வொண்டர்லா என்ற பெயரில் எழுந்தது. பின்னர்க் கொச்சிப் பூங்காவும் அப்பெயரையே பெற்றது.

இனி, கூட்டத்துக்கு வருவோம்.

வாயிலில் நுழைந்தபோதே வரிசை. உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் வரிசை. வரிசையைக் கண்டால் எங்கள் தொழிலில் உள்ளோர்க்கு மனம் தானாகக் கணக்குப் போடும். ஒரு ராட்டினத்தில் இருபது இருக்கைகள் என்று கொள்வோம். ஏற்றி, பூட்டி, சுற்றி, இறக்க ஐந்து நிமிடம் என்று கொள்வோம். மணிக்கு 240 பேர். உமக்கு முன்னே 500 பேர் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பத்து மணிக்குப் புகுந்து ஆறு மணிக்கு வெளியேறும் ஒரு குடும்பம் சோற்றுக்கும் குளிப்புக்கும் நேரம் ஒதுக்கியது போக, பெரிய விளையாட்டுக்கள் நான்கைந்துக்கு மேல் ஏறுவது அரிது. ஐம்பது விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் சீட்டு வாங்கியிருக்கிறோம் என்று எண்ணி எண்ணி வருந்துவதில் பயனில்லை.

வரிசையில் நிற்பதைப் பற்றி மேலை நாட்டார் ஆராய்ந்தும் இருக்கின்றனர். டேவிட் மெய்ஸ்டர் என்னும் அறிஞர் 1985இல் எழுதிய கட்டுரையில், கூட்டாய்க் காத்திருப்பதைவிடத் தனியாய்க் காத்திருப்பது நீண்டதாகத் தோன்றும் என்றார். அவர் நம் நாட்டு வரிசையைக் கண்டிரார் என்றே நினைக்கிறேன். நம்மிடையே தனியாய் நிற்பவன் ஐந்து நிமிடத்துக்கு மேல் தனியாய் இருப்பதில்லை. எனக்கு முன்னே நின்ற கொல்லத்துக்காரர், தம் வீட்டு மாடியில் ஓடு மாற்றுவதா, தகரம் போடுவதா என்று என்னிடமே ஆலோசனை கேட்டார். பின்னே நின்ற கோவைக் கல்லூரி மாணவர்கள் என் முதுகின்மேலேயே தங்கள் காதல் வழக்குகளை விசாரித்தனர். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

தனியாய்ச் சென்றவனுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. முன்பதிவுச் சன்னலில் நாள்தோறும் காண்பதுதான்: நால்வர்க்குச் சேர்ந்தாற்போல் இடம் கேட்டால் இராது, ஒருவனுக்கு எங்கேனும் ஓர் இடம் எஞ்சியிருக்கும். ராட்டினத்திலும் அவ்வாறே. இருவர் இருவராய் அமரும் இருக்கையில் மூவர் குடும்பம் ஏறினால் ஓரிடம் காலி. இயக்குகின்ற இளைஞன் வரிசையை நோக்கி, "ஒராள் உண்டோ, ஒராள்?" என்று கூவுவான். பெருங்கூட்டத்தில் கைதூக்குவோர் ஒருவரும் இரார். எல்லாரும் யாரோடோ கட்டுண்டவர். நான் கைதூக்கினேன். இவ்வாறு அன்று மும்முறை முன்னே அழைக்கப்பட்டேன். ஒரு முறை என் பக்கத்தில் பத்து வயதுச் சிறுவன். அவன் தந்தை பயந்துகொண்டு கீழே நின்றுவிட்டார். வண்டி உச்சியை அடைந்து ஒரு கணம் நின்றதும் அவன் என் மணிக்கட்டைப் பற்றிய பிடி, இறங்கி வந்த பின்னரும் சிவந்து தெரிந்தது. இறங்கியதும் என்னைத் திரும்பியும் பாராமல் தந்தையிடம் ஓடி, தான் சிறிதும் அஞ்சவில்லை என்று சாதித்தான்.

இதற்கு மாறானதும் உண்டு. அதனை மறைத்தல் கூடாது. சிறு குழந்தைகள் ஆடும் ஆழமற்ற குளத்தருகே நிழல் இருந்தது. அங்குச் சற்று அமர்ந்தேன். சில நிமிடங்களில் தாய்மார் இருவர் தம் குழந்தைகளை என்னிடமிருந்து தள்ளி அமர்த்திக்கொண்டனர். தனித்த ஆடவன், குழந்தையும் இல்லை, கையில் பையும் இல்லை. நான் எழுந்து வேறிடம் சென்றேன். அதில் குறை காண நான் தயாரில்லை. என் பெண்ணோடு நான் சென்றிருந்தாலும் அவ்வாறே செய்திருப்பேன்.

எழுந்து சென்று அமர்ந்த இடத்தில்தான், இக்கட்டுரை எழுதத் தூண்டிய காட்சியைக் கண்டேன்.

அலைக்குளத்துக்கு எதிரே வரிசையாய்ப் பெஞ்சுகள். குளத்தின் கோடியில் சுவருக்குப் பின்னே எந்திரங்கள் காற்றைச் செலுத்தி நீரைத் தள்ளிக் கடலைப் போல் அலை எழுப்புகின்றன. அலை தொடங்குமுன் சங்கு ஊதும். ஊதியதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாய் ஆர்ப்பரிப்பர். ஆனால் பெஞ்சுகளில் ஆரவாரமில்லை. அங்கே வீற்றிருந்தோர் அனைவரும் பெண்கள். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர், சிலர் பாட்டிமார். ஒவ்வொருவர் மடியிலும் இருபுறத்திலும் பைகள்: ஈரத்துண்டுகள், மாற்றுடைகள், கணவரின் மூக்குக் கண்ணாடி, பிள்ளைகளின் செருப்பு, நான்கு செல்போன்கள். ஒருத்தி ஐந்து ஜோடிச் செருப்புகளைக் காலடியில் அணிவகுத்து வைத்திருந்தாள். காலை பதினொரு மணிக்கு நான் கண்ட அதே முகங்களைப் பிற்பகல் மூன்று மணிக்கும் அதே இடத்தில் கண்டேன்.

குடும்பத்தோடு வந்திருந்தால் இதனை நான் கண்டிருப்பேனா என்பது ஐயமே. என் பையும் அப்பெஞ்சில் ஒருத்தி மடியில் இருந்திருக்கும். தனியாய்ச் சென்றவனுக்குப் பை காப்பார் இல்லை. ஆகவே வாயிலருகே லாக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உடைமைகளைப் பூட்டி, சாவியைக் கையில் கட்டிக்கொண்டு நாள் முழுதும் வெறுங்கையனாய்த் திரிந்தேன். கணக்கைப் பாருங்கள். நபர் ஒருவருக்கு நுழைவுச் சீட்டு ஆயிரம் ரூபாய்க்கு மேல். லாக்கர் வாடகை அதில் ஒரு சிறு பங்கே. அந்தச் சிறு பங்கை மிச்சப்படுத்துவதற்காக ஆயிரம் ரூபாய்ச் சீட்டு வாங்கி, வீட்டுத் தலைவியை உள்ளே அழைத்துச் சென்று, லாக்கராக உட்கார வைத்துவிடுகிறோம். எந்தத் தணிக்கை அதிகாரியும் இச்செலவை ஒப்புக்கொள்ளார்.

அடுத்த பெஞ்சில் இருந்தவர், நான் தென்காசிக்குத் தொலைபேசியில் பேசியதைக் கேட்டுவிட்டு, "தமிழா அண்ணே?" என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். மூணாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஒரே லயத்தைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் வேன் பிடித்துக்கொண்டு விடியுமுன் மலையிறங்கியிருக்கின்றன. தீபாவளிப் போனசிலிருந்து இதற்கென்று எடுத்து வைத்த பணம். நால்வருக்குச் சீட்டு வாங்கியதில் ஒரு வாரக் கூலிக்கு மேல் போய்விட்டது என்றார். குறைப்பட்டுச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அவருடைய இளைய மகனுக்கு இப்படியொரு வெயில் இருப்பதே அன்றுதான் தெரியுமாம். தரை சுடுகிறதென்று காலையில் அழுதவன், இப்போது நீரைவிட்டு வரமாட்டேன் என்கிறான்.

"நீங்கள் இறங்கவில்லையா அம்மா?" என்றேன்.

"சேலையோட விடமாட்டாங்களாம் அண்ணே. நைலான் துணி போடணுமாம். அதுவும் இல்லாம, இத எல்லாம் யாரு பாத்துக்குவா?" என்று பைகளைக் காட்டினார்.

நீர் விளையாட்டுக்களுக்குப் பருத்தியுடை ஆகாது என்பது உண்மை. நூல் இழைகள் பிரிந்து சுத்திகரிப்பு எந்திரங்களை அடைத்துவிடும். கனத்த சேலை நீரில் காலைச் சுற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. விதி நியாயமானதே. ஆனால் அவ்விதி வீட்டிலேயே தெரிந்திருந்தும், மகளுக்கும் மகனுக்கும் கணவருக்கும் உடை வாங்கப்பட்டிருந்தது, அவருக்கு வாங்கப்படவில்லை. வாங்கியவரும் அவரே.

இதற்குள் பன்னிரண்டு வயதுப் பெண் ஓடிவந்தாள். உயரே சுற்றும் பெரிய ராட்டினத்துக்குத் தன்னோடு வர ஒருவருமில்லை என்றாள். தந்தையும் தம்பியும் நீரைவிட்டு எழவில்லை. அது உலர்ந்த விளையாட்டு, சேலைக்குத் தடையில்லை. நான் பைகளைப் பார்த்துக்கொள்வதாகக் கூறினேன். அவர் உடனே இசையவில்லை. அது இயல்பே. என் ஊர், உத்தியோகம், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். தென்காசி என்றதும், தம் பாட்டனார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவர் என்றார். பின்னர், செல்போன்களை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பைகளை என் பக்கம் நகர்த்தினார். நல்ல நிதானம்! நான் அதனை மெச்சினேன்.

முக்கால் மணி நேரம் நான் அப்பெஞ்சில் இருந்தேன், பதினொரு பெண்களுக்கு நடுவே ஓர் ஆடவனாக. அந்நேரத்தில் அறிந்துகொண்டது: பை காப்பது சும்மா இருப்பதன்று. துண்டு கேட்டு ஒருவன் வருவான். கண்ணாடி கேட்டு ஒருவர் வருவார். அவருடைய கணவரே வந்து என்னைக் கண்டு திகைத்து, விவரம் அறிந்து சிரித்து, தாமும் வியப்போடு ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சென்றார்.

திரும்பி வந்த அம்மையாரின் முகத்தில் காற்று அடித்த களை இருந்தது. "மேல போனா எங்க மலை தெரியும்னு நெனச்சேன் அண்ணே. தெரியல. ஒரே தென்ன மரமா இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னொரு வாட்டி போலாம்னு இவ சொல்றா" என்றார். மகள் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தாள். நான் இன்னும் சிறிது நேரம் இருப்பதாகச் சொன்னேன்.

வேறொரு பொருளையும் இங்கே தொட வேண்டும். கூடுதல் கட்டணம் செலுத்தினால் நீண்ட வரிசையைத் தவிர்த்துத் தனி வழியில் விரைந்து ஏறும் சீட்டு இப்பொழுது உலகெங்கும் இத்தகைய பூங்காக்களில் உண்டு, இங்கும் உண்டு. டிஸ்னி நிறுவனம் 1999இல் இம்முறையைத் தொடங்கியபோது அதற்குத் தனிக் கட்டணமில்லை; சீட்டில் குறித்த நேரத்தில் வந்தால் போதும், எல்லார்க்கும் ஒரே உரிமை. 2021இல் அதனைக் கட்டண வசதியாக மாற்றினர். நம் ரயில்வேயிலும் 1997 முதல் தத்கால் உண்டாதலால், இதனைக் கண்டிக்க நான் வாய் திறந்தால் என்னைத் திருப்பிக் கேட்பீர்கள். எனினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தத்காலில் செல்பவர் யாருடைய கண்முன்னும் முந்திச் செல்வதில்லை. இங்கோ, ஒன்றரை மணி நேரம் நின்ற சிறுவனின் எதிரிலேயே மற்றொரு சிறுவன் சிரித்துக்கொண்டு கடந்து செல்கிறான். "அவங்க மட்டும் ஏன்ப்பா?" என்று ஒரு குரல் தமிழிலும் அதே வினா மலையாளத்திலும் என் செவியில் விழுந்தன. தந்தையர் இருவரும் வேறு பக்கம் பார்த்தனர். அதே சமயம், அச்சீட்டு வாங்கியவர் எல்லாரும் செல்வர் என்றும் கூறிவிட இயலாது. துபாயிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்து, மறுநாள் விமானம் ஏறவிருந்த ஒருவரை உணவுக்கூடத்தில் சந்தித்தேன். இரண்டாண்டுக்கு ஒரு முறை காணும் பிள்ளைகளோடு வரிசையில் நின்றே அந்நாளைக் கழிக்க அவருக்கு மனமில்லை. அவரிடம் என்ன சொல்வது? வரிசை எல்லார்க்கும் ஒன்றாய் இருப்பதே எனக்குப் பிடித்தம்; அவர் வாங்கியதையும் தவறென்று என்னால் எழுத முடியவில்லை.

இரவு தொலைபேசியில் நடந்ததை எல்லாம் மனைவியிடம் கூறினேன். பெஞ்சுப் பெண்களைப் பற்றிக் கேட்டதும், "போன வருஷம் பொருட்காட்சியில நான் எங்க உட்கார்ந்திருந்தேன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள். நன்றாக நினைவிருந்தது, ராட்டினத்துக்கு எதிரே, பஜ்ஜிக் கடை ஓரம். அடுத்த முறை நால்வரும் செல்லும்போது அவளுக்கென்று ஒரு நைலான் உடுப்பு தைக்கக் கொடுப்பது என்று முடிவாயிற்று. நிறம் குறித்த விவாதம் இன்னும் முடியவில்லை.

செல்ல எண்ணும் அன்பர்களுக்குச் சில குறிப்புக்கள். பள்ளி திறந்தபின் ஜூன் மாதத்து வேலை நாட்களில் சென்றால் கூட்டம் மிகக் குறைவு. ஆனால் அப்போது தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும், இடி மின்னலின்போது உயரமான ராட்டினங்களை நிறுத்திவைப்பர். மே மாதத்திலேதான் இயலும் என்போர் ஞாயிற்றைத் தவிர்க்கவும். நுழைந்தவுடன் நீரில் பாயாமல் பெரிய ராட்டினங்களை முதலில் முடித்துக்கொள்ளலாம். வெயில் ஏறியபின் கூட்டம் முழுதும் நீர்ப்பக்கம் சாய்ந்தாலும் ராட்டின வரிசை குறைவதில்லை. நைலான் உடை எல்லார்க்கும், பாட்டிக்கும் சேர்த்து, முன்கூட்டியே வாங்கிவிடவும். உள்ளே கடை உண்டு, ஆனால் அவசரத்தில் அளவு அமையாது. லாக்கருக்கும் பணம் ஒதுக்கவும். உயரம் குறைந்த குழந்தைகளைச் சில விளையாட்டுக்களில் ஏற்றமாட்டார்கள். வரிசையில் நிற்குமுன் வாயிலில் உள்ள அளவுகோலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டால் அழுகை மிச்சம். வெளி உணவு அனுமதிப்பதில்லையாதலால் புளிச்சோறு வேனிலேயே இருக்கட்டும். ஆனால் மே வெயிலில் பூட்டிய வண்டிக்குள் தயிர்ச்சோறு வேண்டா.

மூணாறு, தேவிகுளம் அன்பர்கள் பூங்காவை விட்டு ஐந்து மணிக்குள் புறப்பட்டுவிடுதல் நலம். நேரியமங்கலத்துக்கு மேல் அடிமாலி வரை காட்டுப் பாதை. இருட்டிய பின் அங்கே யானை நடமாட்டம் உண்டு. பிள்ளைகள் அதற்குள் உறங்கிவிடுவர். ஓட்டுநர் உறங்காமலிருக்க முன் இருக்கையில் பேச்சுத் துணைக்கு ஒருவர் அமரவும்.